தெய்வானை டீச்சர் திருப்பிக்கொண்ட முகம்

செய்தி வந்தபோது நான் கண்டிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் தெய்வானை டீச்சரின் தம்பி முருகேசு. "டீச்சர், அக்கா போயிட்டாங்க. நேத்து வெள்ளன தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பப் படுத்தாங்க. எந்திரிக்கல. நேத்து முழுக்க ஒங்க போன் கெடைக்கல" என்றார். எடுத்த கத்தரிக்காய்களையெல்லாம் திரும்பக் கூடையில் போட்டேன். "என்னம்மா, சொத்தையா?" என்று கடைக்காரர் கேட்டார். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, வெறும் பையோடு வத்தேகம பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன். வழியெல்லாம் ஒரே கோபமாக இருந்தது. இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா என்ற கோபம். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். மடுல்கெல்லப் பக்கத்து மலைத் தோட்டம் ஒன்றின் சிறிய தமிழ்ப் பாடசாலையில், தம் பணிக்காலம் முழுவதையும் தரம் ஒன்றுக்கே கொடுத்தவர் தெய்வானை டீச்சர். பிறந்ததும் அதே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில்தான். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர் நியமனம் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் நியமனம் பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பமே அவர் குடும்பம். அந்த லயங்களில் இன்று பேரப்பிள்ளை எடுத்திருப்பவர்களில் பலரும் அவர் கையால் அகரம் எழுதியவர்கள்.

அறிந்தவர்களோ, இவ்வளவு எழுதியும் இவள் முக்கியமானதை இன்னும் சொல்லவில்லையே என்று நினைப்பார்கள். சொல்லிவிடுகிறேன். அவருடைய இடது நெற்றியில் தொடங்கிக் கன்னம் முழுவதும் பரவிக் கழுத்து வரை கருஞ்சிவப்பாக ஒரு பிறவி மச்சம் இருந்தது. அந்தப் பக்கத்து உதடு சற்றுத் தடித்திருக்கும். இமை கொஞ்சம் இறங்கியிருக்கும். வலப்பக்கம் நின்று பார்த்தால் லட்சணமான முகம். இடப்பக்கமாக வந்தவர்கள் பேச வந்ததை மறந்துவிடுவார்கள். அவர் வயிற்றில் இருந்தபோது அவருடைய அம்மா கிரகணத்தன்று கொழுந்து மலைக்குப் போனாராம். அதனால் வந்தது என்று வீட்டில் எப்போதோ தீர்ப்பாகிவிட்டது. அன்றைக்குத் தோட்டமே மலைக்குப் போயிருக்குமே அக்கா என்று நான் ஒருமுறை வாதாடினேன். "தோட்டமே புள்ளத்தாச்சியா இருந்திச்சா?" என்று கேட்டு என் வாயை அடைத்தார். அந்த அம்மா சாகும்வரை மாமியாரிடம் இதற்காகப் பேச்சு வாங்கினார் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் கண்டி நகரத்துக் கடைக்காரர் வீட்டுப் பெண். முதல் நியமனம் அந்த மலைக்குக் கிடைத்ததும் எங்கள் வீட்டில் ஒப்பாரி வைக்காத குறை. முதல் நாள் பஸ்ஸில் நெரிசல். ஆட்கள் ஒருவர் காலில் ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்க, ஒரு பெண்மணியின் பக்கத்தில் மட்டும் இருக்கை காலியாக இருந்தது. வளைவுகளில் எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்ததால் யார் என்ன என்று பார்க்காமல் போய் விழுந்தேன். அடுத்த வளைவிலேயே வாந்தி. அந்தப் பெண்மணி என் தலையைப் பிடித்துக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து எலுமிச்சை வாசம் ஏற என் மூக்கில் அழுத்தினார். தெளிந்த பிறகு நன்றி சொல்லி, இந்த நெரிசலில் இடம் கிடைத்ததே பெரிய அதிர்ஷ்டம் என்றேன். "அதிர்ஷ்டம் இல்ல. எம் பக்கத்துல எப்பவும் ஒரு சீட்டு இருக்கும். கவுருமெண்டு எனக்குன்னு ஒதுக்கினது" என்றார். அப்போதுதான் அவர் முகத்தை முழுதாகப் பார்த்தேன். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. "சிரிங்க, சிரிங்க, காசு கேக்க மாட்டேன்" என்றார்.

அவர்தான் தெய்வானை டீச்சர்; தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து அதே பஸ்ஸில்தான் பாடசாலைக்கு வருவார். அன்றிலிருந்து அந்த இருக்கை எனக்கானது. பல மாதங்கள் கழித்து, என்னைப் பார்த்ததும் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "திமிர் புடிச்ச டவுன் பொம்பளன்னு நெனச்சேன். மூக்கு அப்பிடி இருந்திச்சு" என்றார். நினைத்தது தப்புத்தானே என்று மேலும் கேட்டேன். "பாதி சரி" என்றார். முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் அவருக்கும் நன்றாகவே இருந்தது. புதிதாகத் தலைமையேற்று வரும் பாடசாலை அதிபரின் புருவத்தைப் பார்த்தே, இவர் லீவு தரமாட்டார் என்று அறிவிப்பார். பெரும்பாலும் தப்பாகவே போகும். ஆனாலும் அடுத்த அதிபர் வரும்போதும் புருவத்தைத்தான் பார்ப்பார்.

தரம் ஒன்றில் புதுப் பிள்ளைகள் வரும் நாளை நான் ஒவ்வொரு ஆண்டும் எட்டிநின்று பார்த்திருக்கிறேன். சில பிள்ளைகள் அவரைக் கண்டதும் வீறிடுவார்கள். அவர் அவசரப்பட மாட்டார். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, கன்னத்தை நீட்டி, "வா, தொட்டுப் பாரு. சுடாது" என்பார். ஒரு முறை ஒரு வாண்டு வீட்டிலிருந்து சவர்க்காரத் துண்டை மடித்துக் கொண்டுவந்து, "டீச்சர், தேச்சா போயிரும்" என்றது. அவர் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி, முகத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வகுப்பே சுற்றி நின்று முறைபோட்டுத் தேய்த்தது. போகவில்லை. சரி, போகாது போல என்று பிள்ளைகள் வேறு வேலையைப் பார்க்கப் போனார்கள். அதோடு முடிந்தது. அந்த வாரம் அவர்களில் ஒருத்தி என்னை வரைந்து கொண்டுவந்து கொடுத்தாள். பாதி முகத்துக்குச் சிவப்புச் சோக் அடித்திருந்தாள். டீச்சர் என்றால் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டது. அந்தப் படத்தைத் தெய்வானை டீச்சரிடம் காட்டினேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவர்களுக்கு எந்தச் சவர்க்காரமும் உதவவில்லை. ஒரு முகத்தைக் கண்ட கணமே மனிதன் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறான், காரணத்தைப் பிறகுதான் தேடுகிறான் என்று ஆசிரியர் கலாசாலை உளவியல் வகுப்பில் படித்து, பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியவள் நான். அதன் பொருளை எனக்குக் காட்டியது எங்கள் பாடசாலைக்கு வந்த அதிகாரி ஒருவர். பக்கத்துப் பக்கத்து வகுப்புகள் இரண்டைப் பார்த்தார். ஒன்றில் சிரித்த முகமாக ஓர் இளம் ஆசிரியை. அவருடைய பிரம்புச் சத்தம் வழக்கமாக அடுத்த மலைக்குக் கேட்கும். "இங்கே பிள்ளைகள் பயமில்லாமல் இருக்கிறார்கள்" என்று அதிகாரி பாராட்டினார். தெய்வானை டீச்சரின் வகுப்பில் பிள்ளைகள் அவர் மடியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் கடுமையைக் குறைத்தால் நல்லது" என்றார் அதே மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். டீச்சர் என் சேலையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

அதைவிட அவருக்கு எரிச்சல் தந்தது இரக்கப்பட்டவர்களின் புகழ்ச்சிதான். புத்தகப் பை கொடுக்க வந்த ஒரு சீமாட்டி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கமான மனசு என்று கண் கலங்கினார். அவர் போனதும் டீச்சர் வெடித்தார். "வந்து அஞ்சு நிமிசம் ஆகல. அதுக்குள்ள எம் மனசு எப்பிடித் தெரிஞ்சிச்சு? மூஞ்சி இப்பிடி இருந்தா மனசாச்சும் நல்லா இருக்கணும்னு ஒரு கணக்கு!" உண்மையில் அவர் ஒன்றும் தங்கம் இல்லை. ஊர் வம்பு அத்தனையும் அவரிடம் இருக்கும். அவருடைய தேத்தண்ணிக் கோப்பையை வேறு யாராவது எடுத்துவிட்டால் அன்று ஆசிரியர் அறையில் யுத்தம்தான். நான் அவரை நேசித்தது அந்த வாய்க்காகவும் சேர்த்துத்தான்.

அந்த வாய் ஒருநாள் அடைத்துப்போனதைப் பார்த்தேன்.

எங்கள் பாடசாலைக்குக் கீழே இருந்த லயத்தில் செல்வமணி என்றொரு பெண் இருந்தார். மூத்த மகன் பாடசாலைக்கு வராமல் சுற்றிக்கொண்டிருந்ததால், டீச்சர் வீடு தேடிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். செல்வமணி அப்போது கர்ப்பமாக இருந்தார். கர்ப்பிணிகள் டீச்சரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது அந்த லயங்களில் புதிதல்ல. பார்த்தால் பிள்ளைக்கும் அந்த மச்சம் ஒட்டிவிடும் என்ற பயம். டீச்சர் அதையெல்லாம் கிண்டலடித்துக் கடந்துபோகிறவர்தான். செல்வமணி பாவம், வீடு தேடி வந்தவரை எப்படிப் பார்க்காமல் பேசுவது? கதிரை போட்டு உட்காரவைத்து, எதிரில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்.

அந்தப் பிள்ளை பிறந்து, தீட்டுக் கழிந்ததும், செல்வமணி குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பாடசாலை முற்றத்துக்கு வந்து நின்றார். காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போகிற நேரம். டீச்சரைக் கண்டதும் துணியை விலக்கினார். பெண் குழந்தை. இடது கன்னத்தில், காதுக்குக் கீழே, வெற்றிலை அளவுக்கு ஒரு சிவந்த மச்சம்.

"பாருங்க டீச்சர்! நல்லாப் பாருங்க! இது எம் புள்ள மூஞ்சியா, ஒங்க மூஞ்சியா?" என்று கத்தினார் செல்வமணி. கத்திவிட்டு அங்கேயே குந்திக்கொண்டு அழுதார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பெற்ற வயிறு. டீச்சர் ஏதாவது பதில் கொடுப்பார், சூடாகவாவது வேடிக்கையாகவாவது ஏதோ ஒன்று சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தின் இடப்பக்கத்தை மூடிக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டார்.

மாலை பஸ்ஸில், அவர் வத்தேகமவில் ஒரு வேலைக்காகக் கூட வந்தார். சேலைத் தலைப்பை இடக் கன்னத்தில் பிடித்தபடியே பாதி வழி வந்தார். பிறகு சொன்னார்: "அவ சொல்றது நெசந்தான், சுமதி."

நான் என்னென்னவோ சொன்னேன். ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னதைச் சொன்னேன். இது எந்தப் பிள்ளைக்கும் வரலாம், யாரைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வரும் என்று அவர் செல்வமணியிடமே விளக்கியிருந்தார். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "டொக்டர் படிச்சவரு, அவருக்குத் தெரிஞ்சத சொல்றாரு. ஆனா இத்தன லயத்துல, நான் எந்த வீட்டுக்குப் போனேனோ அந்த வீட்டுலதானே வந்திருக்கு?" என்றார். அத்தனை ஆண்டுகளாக ஊர் அவர் முகத்தைப் பற்றிச் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை என்று நினைத்திருந்தேன். கேலி செய்துகொண்டே ஒவ்வொன்றையும் உள்ளே வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் ஊரில் நடக்கும் வழியே மாறிப்போனது. எதிரே வயிற்றுப்பிள்ளையோடு ஒரு பெண் வந்தால் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி நின்றுகொள்வார். அட்டை கடித்த காலோடு வகுப்புக்கு வருவார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். முன்பு ஊர் அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்போது அவரே திருப்பிக்கொள்ள ஆரம்பித்ததும் ஊருக்கு அது வசதியாகப் போயிற்று. டீச்சருக்கு நல்ல புத்தி, அவங்களே ஒதுங்கிக்கிறாங்க என்று மெச்சிக்கொண்டார்கள். அந்த மெச்சல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

சில ஆண்டுகளில் நானும் உண்டானேன். யாருக்கும் சொல்வதற்கு முன்னால் அவரிடம்தான் சொன்னேன். முகம் மலர்ந்தது, மறுகணமே எழுந்து வலப்பக்கம் மட்டும் தெரியும்படி திரும்பி நின்றுகொண்டார். அடுத்த நாள் பஸ்ஸுக்கு அவர் வரவில்லை. பாடசாலைக்கு மேட்டு வழியால் நடந்தே வந்தார். ஆசிரியர் அறையில் தம் கதிரையை அலுமாரிக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். என் மாமியார் இதைக் கேள்விப்பட்டு மகிழ்ந்துபோனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒருநாள் அலுமாரியைச் சுற்றிப் போய் அவர் எதிரில் என் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, என்னைப் பாருங்க. எனக்குப் பயமில்ல."

அவர் தலைப்பை இழுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஒங்களுக்குப் பயமில்ல. எனக்கு இருக்கே. ஒங்க காலப் புடிச்சிக் கேக்குறேன், அங்கிட்டுப் போங்க." எழுந்து வந்துவிட்டேன். அந்த மாதங்களில் அவர் எனக்கு மாங்காய் கொடுத்தனுப்பினார், பிள்ளைகளின் கையில் நெல்லிக்காய் கொடுத்தனுப்பினார். அவர் மட்டும் என் முன்னால் வரவில்லை.

மகன் பிறந்து முப்பத்தொன்றாம் நாள் தீட்டுக் கழிந்த பிறகுதான் கண்டிக்கு வந்தார். குழந்தையை வாங்கியதும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கன்னம், காதின் பின்புறம், கழுத்து மடிப்பு எல்லாம் விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒரு புள்ளி கிடையாது. அப்பாடா, இனியாவது இந்தப் பைத்தியம் தெளியும் என்று நினைத்தேன். அவர் குழந்தையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சொன்னார்: "பாத்தீங்களா? நான் ஒதுங்கி இருந்ததாலதான் புள்ள தப்பிச்சிச்சு."

மச்சத்தோடு ஒரு பிள்ளை பிறந்தால் அவர் முகத்தால் பிறந்தது. மச்சமில்லாமல் பிறந்தால் அவர் முகத்தை மறைத்ததால் பிறந்தது. இதிலிருந்து ஒரு மனுஷி எந்த வழியால் வெளியே வருவது?

செல்வமணியின் மகள் சாந்தினி ஆறாவது வயதில் எங்கள் பாடசாலைக்கு வரவில்லை. தூரத்துப் பாடசாலை ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே பிள்ளைகள் கன்னத்தைச் சொல்லிச் சீண்டியதில், ஒருநாள் அவளாகவே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். தரம் ஒன்றுக்குள் நுழைந்து முன்வரிசையில் உட்கார்ந்து, டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் போல ஒரு முகத்தை அந்தப் பிள்ளை அதற்கு முன் பார்த்ததில்லை. செல்வமணி வந்து இழுத்துப் பார்த்தார். பிள்ளை மேசைக் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. கடைசியில் இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

டீச்சர் அவளுக்கு நன்றாகவே கற்பித்தார். புதுப் பென்சில் என்றால் முதலில் அவளுக்குத்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். கையைப் பிடித்து எழுதவைக்கும்போதும் பார்வை கொப்பியில்தான் இருக்கும். சாந்தினி பெரிய வகுப்புக்கு என்னிடம் வந்தபோது, "டீச்சர், தெய்வான டீச்சருக்கு என்னைப் புடிக்காதா?" என்று கேட்டாள். மிகவும் பிடிக்கும் என்றேன். "அப்ப ஏன் என் மூஞ்சியப் பாத்ததே இல்ல?" என்றாள். அந்த வயதில் அவளுக்கு எதைச் சொல்வது? அவள் உயர்தரப் பரீட்சை முடித்த பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "இவ்வளவு வருசமா நான் அவங்களுக்குத் தண்டனையா தெரிஞ்சிருக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் டீச்சரை விடவில்லை. விடுமுறை என்றால் போய் நிற்பாள். டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள். மெல்ல மெல்ல டீச்சரும் அவளை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார். போன வருடம் கெலிஓயாவுக்கு மணமாகிப் போனாள். இந்த வருடம் உண்டானாள். உடனே டீச்சருக்குத்தான் போன் எடுத்தாள்: "டீச்சர், ஒங்களப் பாக்க வரப் போறேன். முன்னுக்கு ஒக்காந்து ஒரு நாள் முழுக்கப் பாக்கப் போறேன். அப்புறம் புள்ள எப்பிடிப் பொறக்குதுன்னு நீங்களே பாருங்க." டீச்சர் பயந்துபோய்விட்டார். "வேணாம் தங்கம். இப்ப வராத. புள்ள பொறந்ததும் தூக்கிக்கிட்டு வா" என்று கெஞ்சியிருக்கிறார். அந்தக் கெஞ்சலுக்கு இணங்கி, பிள்ளை பிறக்கட்டும் என்று அவளும் காத்திருந்தாள்.

சென்ற மாதம் டீச்சர் நெஞ்சுவலியோடு கண்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். நான் பார்க்கப் போனபோது சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துப் போர்வையைத் தலை வரை இழுத்திருந்தார். பயந்துபோய் விலக்கினால் விழித்துக்கொண்டுதான் இருந்தார். "மெதுவா! ஊசி போட வார மிஸ்ஸுக்கு மாசம் போல இருக்கு" என்று கிசுகிசுத்தார். எனக்கு அழுவதா திட்டுவதா என்று தெரியவில்லை; இரண்டையும் செய்தேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "சாந்தினிக்கு இப்ப எத்தன மாசம்?" என்றார். ஏழு என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு மாசந்தான்" என்றார். குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை. ஓரளவு தேறி வீட்டுக்குப் போனார். அங்கேதான் அந்தக் காலை வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பாதையோரமெல்லாம் வெள்ளைக் கொடி. லயத்துக்குத் திரும்பும் முடக்கில் பெரிய அஞ்சலிப் பெனர் கட்டியிருந்தார்கள். அதில் பளபளவென்று ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டிருந்தார். யாரோ என்று கடந்துபோய், பெயரைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அச்சகத்தில் நல்லதென்று நினைத்துக் கணினியில் மச்சத்தை முழுவதுமாக அழித்து, இமையையும் நிமிர்த்திவிட்டிருந்தார்கள். சீருடையோடு நின்ற அந்த லயத்துச் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள்: "டீச்சர், இது யாரு?" முருகேசுவிடம் எரிந்து விழுந்தேன். "நாங்க சொல்லல டீச்சர், அவங்களாவே செஞ்சிட்டாங்க. அக்கா அழகா இருக்காங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, விட்டுட்டோம்" என்று அழுதார் அவர். அவரை என்ன சொல்வது?

உள்ளேயும் அதுதான். பெட்டியில் கிடத்தியிருந்த டீச்சரின் முகத்தில் பவுடரை அப்பி, பட்டுச் சேலைத் தலைப்பை இடப்பக்கம் இழுத்து மூடியிருந்தார்கள். அவர் உயிரோடு இருக்கும்போது செய்துகொண்டதைத்தான் நாங்கள் செய்திருக்கிறோம் என்று பெண்கள் சொன்னார்கள்.

தப்பு மேளம் முழங்கத் தொடங்கி, முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குரல் கொடுத்த நேரத்தில் சாந்தினி வந்தாள். கெலிஓயாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். நிறைந்த வயிறு. வாசலிலேயே பெண்கள் மறித்துக்கொண்டார்கள். புள்ளத்தாச்சி சாவு வீட்டுக்கு வரலாமா, அதுவும் இந்தச் சாவுக்கு வரலாமா என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். எல்லாருக்கும் முன்னால் செல்வமணி. நரைத்த தலையோடு மகளின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டு மன்றாடினார்.

"வேணாம்டி. அவங்க தெய்வமாப் போயிட்டாங்க, நான் இல்லங்கல. ஆனா அந்த மூஞ்சிய மட்டும் பாக்காத. எம் பேச்சக் கேளு."

சாந்தினி அம்மாவின் கையை உதறவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அப்ப நான் கண்ணாடி பாக்கிறதையும் நிப்பாட்டணுமாம்மா?"

தப்படிக்கிறவர்கள்கூட ஏன் என்று தெரியாமல் நிறுத்தினார்கள். செல்வமணி மகளின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்திருந்த கை மெதுவாக விலகியது.

சாந்தினி உள்ளே வந்தாள். பெட்டியின் இடப்பக்கமாகப் போய் நின்றாள். சேலைத் தலைப்பை எடுத்து மடித்துத் தோளில் ஒதுக்கினாள். தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பவுடரைத் துடைத்தாள். நெற்றியிலிருந்து கழுத்து வரை அந்தக் கருஞ்சிவப்பு முழுதாக வெளியே வந்தது. எங்கள் தெய்வானை டீச்சர் அப்போதுதான் அந்த வீட்டுக்குள் வந்தது போல இருந்தது. ஒரு கை வயிற்றில் இருக்க, சாந்தினி குனிந்து, கண் கொட்டாமல், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாசலில் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "நம்ம டீச்சர்!" என்று ஓடி வந்தார்கள்.

அக்கா, உங்கள் முன்னால் ஒரு கர்ப்பிணி முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றாள். தலைப்பை இழுத்து மூடிக்கொள்ள உங்களுக்குத்தான் கை எழவில்லை. பிள்ளை எப்படிப் பிறந்தாலும், அது உங்களால் அல்ல என்று அவள் சொல்லிக்கொள்வாள், நானும் சொல்லிக்கொண்டிருப்பேன். நீங்கள் அதை நம்பும் நாளைப் பார்க்கத்தான் எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. போய் வாருங்கள்.